உறை போட்ட விசா

எனக்கு மேல்மாடியில் குடியிருக்கும் றொனால்ட் அண்ணைக்கு, எல்லை தாண்டி ஒல்லாந்துக்கு மரக்கறி வாங்கப் போவதென்றாலும் கோட்டும் கழுத்துப்பட்டியும் வேண்டும். வுப்பர்டாலில் இருந்து வென்லோ சந்தை காரில் கிட்டத்தான். எல்லை என்று சொல்ல அங்கே நிற்பது ஒரு நீலப் பலகை. மற்றவர்கள் அதைக் கவனிக்காமலே தாண்டிவிடுவார்கள். அண்ணை மட்டும் பலகை வருவதற்கு முன்னமே மடியில் இருக்கும் கறுப்புக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, வாய்ப்பாடு ஒப்பிக்கப் போகிற பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். கார் ஓட்டுவது நான். பக்கத்தில் ஒருவர் இப்படி மூச்சை அடக்கிக்கொண்டிருந்தால் குற்றமே செய்யாத நானும் காரின் வேகத்தைக் குறைத்துவிடுகிறேன்.

என் பெயர் கொறற்றி. முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறேன். அண்ணையும் அவர் மனைவி பிளோறன்ஸ் அக்காவும் எனக்குச் சொந்தமில்லை. ஒரே படிக்கட்டு, ஒரே மாதா கோயில், அவ்வளவுதான். ஆனாலும் அவர்களுடைய அலுவல்களில் பாதி என் தலையில்தான் விழுகிறது. ஆகவே அவரைப் பற்றிக் கதைக்க எனக்கு உரிமை இருக்கிறது, அவர் கோபித்தாலும் பரவாயில்லை.

அந்தக் கோப்புக்குள் என்ன இல்லை என்று கேட்டால்தான் சுகம். கடவுச்சீட்டு, கலியாணப் பத்திரம், ஞானஸ்நானப் பத்திரம், மகன் லக்ஸனின் பாடசாலை அறிக்கை, சம்பளத் துண்டுகள், இவர் நல்லவர் என்று ஒரு பங்குச் சுவாமியார் எப்போதோ எழுதிக் கொடுத்த கடிதம். கடவுச்சீட்டைத் தவிர எல்லாமே பிளாஸ்டிக் தாளுக்குள் வைத்துச் சூட்டில் ஒட்டி லமினேற் செய்யப்பட்டவை. அண்ணைக்கு வேலை ஒரு தொழிற்சாலையின் பொதி கட்டும் பகுதியில். பகல் முழுக்க இரும்புச் சாமான்களைப் பிளாஸ்டிக்கில் சுற்றிவிட்டு, வீட்டுக்கு வந்தால் கடதாசிகளைச் சுற்றுவார். மலிவு விற்பனையில் வாங்கிய லமினேற் இயந்திரம் ஒன்று குசினி மேசையில், அரிசி அவிக்கும் சட்டிக்குப் பக்கத்தில், எப்போதும் சூடாக நிற்கும்.

ஜேர்மன் அரசு எல்லைகளில் மறுபடியும் சோதனை வைக்கத் தொடங்கிய பிறகு, வென்லோவில் இருந்து திரும்பும்போது ஒருநாள் உண்மையாகவே பொலிஸ் மறித்தது. அண்ணையின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இத்தனை வருடக் காத்திருப்புக்குப் பலன் கிடைத்த சந்தோசம். கோப்பை அப்படியே யன்னலால் நீட்டினார். அந்த இளம் பொலிஸ்காரன் மேலே கிடந்த கடவுச்சீட்டை மட்டும் எடுத்துப் பார்த்து, நல்ல நாளாக அமையட்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். வீடு வரும்வரை அண்ணைக்கு மனம் ஆறவில்லை.

"சுவாமியாற்றை கடிதத்தையாவது பாத்திருக்கலாம்" என்றார்.

சிரிக்கிறோம்தான். ஆனால் அந்த மனிதன் ஏன் இப்படி ஆனார் என்பதும் எனக்குத் தெரியும். மன்னார்ப் பக்கம் பேசாலையில் இருந்து வள்ளத்தில் இந்தியாவுக்கு ஓடியபோது, இடுப்பில் கட்டியிருந்த பத்திரங்கள் எல்லாம் உப்புத் தண்ணீரில் ஊறிப்போயின. ஜேர்மனிக்கு வந்து அகதி விசாரணையில் அவற்றை மேசையில் வைத்தபோது பிறந்த திகதி இருந்த இடத்தில் நீல மை மட்டும் பரவியிருந்தது. எழுதிய அதிகாரி வருடத்தை மட்டும் கேட்டு, தை முதலாம் திகதி, ஜனவரி ஒன்று, என்று பதிந்துவிட்டார். ஆடி மாதம் பிறந்தவருக்கு இன்றைக்கும் புதுவருடப் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்கிறார்கள். திருத்தலாமே என்றால், "எழுதினதைத் திருத்தப் போய் இருக்கிறதும் இல்லாமல் போகட்டோ?" என்பார். எனக்கு அந்த இடத்தில் கேலி வராது. பாவம் என்றுதான் இருக்கும்.

இனி அக்காவின் கதை. பிளோறன்ஸ் அக்காவுக்கு ஒரேயொரு உடன்பிறப்பு, லண்டனில் இருக்கும் பேர்பெச்சுவா அக்கா. லண்டன் அக்காவிடம் பிரித்தானியக் கடவுச்சீட்டு இருக்கிறது. விசா கேட்க ஆளில்லை, நினைத்தவுடன் விமானம் ஏறலாம். ஒவ்வோர் ஆவணியும் இங்கே ஜேர்மனியில் நடக்கும் கெவலார் மாதா திருவிழாவுக்கு வந்து, தங்கை வீட்டில் நின்று, மீன்குழம்பு சாப்பிட்டு, போகிற அன்று வாசலில் வைத்து ஒரே வசனத்தைச் சொல்வார். "நான்தான் வாறன். நீ ஒருநாளும் என்ரை வாசல் மிதிக்கேல்லை."

மிதிக்க ஆசை இல்லாமலா. அண்ணை ஜேர்மன் குடிமகனாகி இருபது வருடமாகிறது. அக்கா மட்டும் இலங்கைக் கடவுச்சீட்டையே வைத்திருந்தார். குடியுரிமைக்கு ஜேர்மன் மொழிப் பரீட்சை எழுத வேண்டும். எழுதுவதுகூடப் பரவாயில்லை, வாய்விட்டுப் பேசவும் வேண்டும். பாடசாலைச் சமையலறையில் நாள் முழுக்க ஜேர்மன் பிள்ளைகளை அதட்டுகிற அக்காவுக்கு, பரீட்சை என்றதும் நாக்கு ஒட்டிவிடும். இலங்கைக் கடவுச்சீட்டோடு ஜேர்மன் வதிவிட அட்டையும் இருந்தால் பிரான்ஸ், பெல்ஜியம், இத்தாலி என்று சுற்றலாம். இருவரும் லூர்து மாதாவிடம்கூடப் போய்வந்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் கதை வேறு. பிரித்தானியாவுக்குத் தனி விசா.

அக்கா ஒருமுறை, கலியாணமான புதிதில், அந்த விசாவுக்குப் போட்டார். பேர்பெச்சுவா அக்காவின் மகள் மெலனி பிறந்திருந்தாள். ஞானஸ்நானத்துக்கு ஞானத்தாய் என்று பிளோறன்ஸ் அக்காவின் பெயர் குறித்தாயிற்று. விசா மறுத்துவிட்டார்கள். சுவாமியார் குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்ற, அக்காவுக்குப் பதிலாக வேறொருத்தி குழந்தையை ஏந்தினாள். அக்கா இங்கே தொலைபேசியைக் காதில் அழுத்தியபடி, குழந்தை அழுகிற சத்தத்தை மட்டும் கேட்டார். அந்தப் பயத்தில் பிறகு விண்ணப்பிக்கவே இல்லை. பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்த காலத்தில், ஜேர்மன் குடிமகனின் மனைவி என்ற முறையில் இலேசாகப் போயிருக்கலாம். அதை அறிந்து சொல்ல அப்போது யாரும் இருக்கவில்லை. எனக்கும் தெரியாது.

பிறகு மெலனிக்குக் கலியாணம் பேசினார்கள். அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. கோயிலுக்குப் புறப்படும் முன் மணப்பெண்ணின் தலையில் வெள்ளை வலைத்துணி முக்காட்டை, நெற் என்று சொல்வதை, ஞானத்தாய்தான் ஊசியால் குத்திவிட வேண்டும். மெலனி தொலைபேசியில் சொன்னாள், "சின்னம்மா, நீங்கள் குத்தாட்டி நான் வெறுந்தலையோடைதான் போவன்."

அக்கா பயத்தை விழுங்கிக்கொண்டு விண்ணப்பித்தார். அழைப்புக் கடிதம், வேலைக் கடிதம், கோயில் பதிவு எல்லாம் கொண்டு டுசல்டோர்வ் விசா நிலையத்துக்கு நான்தான் கூட்டிப்போனேன். கைரேகை எடுத்தார்கள். சில கிழமைகளில் கடவுச்சீட்டு தபாலில் திரும்பி வந்தது. நடுப்பக்கத்தில் பளபளவென்று விசா ஒட்டியிருந்தது. அக்கா அதைக் கொண்டுவந்து என் கதவைத் தட்டிக் காட்டினார். இரண்டு பேரும் படிக்கட்டிலேயே கட்டிப்பிடித்து அழுதோம். பிறகு அக்கா அதைப் பத்திரமாக வைக்கச் சொல்லி அண்ணையிடம் கொடுத்தார்.

அங்கேதான் வந்தது வினை.

பயண நாள். டுசல்டோர்வ் விமான நிலையம். அண்ணை கோட், கழுத்துப்பட்டி. அக்கா புதுச் சேலை, கையில் முக்காட்டுப் பெட்டி. நான் வழியனுப்பப் போயிருந்தேன். பயணச்சீட்டுப் பார்க்கும் பெண்ணிடம் அண்ணை வழக்கம்போலக் கோப்பை முழுதாகவே நீட்டினார். அவள் சிரித்துக்கொண்டு கடவுச்சீட்டுகளை மட்டும் எடுத்தாள். அண்ணையினுடையதை உடனே திருப்பித் தந்தாள். ஜேர்மன்காரருக்கு அந்த நாளில் லண்டன் போக விசாவோ வேறு அனுமதியோ வேண்டியதில்லை. அக்காவினுடையதைத் திறந்து, விசாப் பக்கத்தை விரலால் தடவினாள். பிறகு வெளிச்சத்தில் பிடித்துச் சரித்துப் பார்த்தாள்.

"இதன் மேல் என்ன ஒட்டியிருக்கிறது?" என்று ஜேர்மன் மொழியில் கேட்டாள்.

அண்ணை பெருமையோடு முன்னுக்கு வந்தார். பாடசாலைப் புத்தகங்களுக்கு உறை போடுகிற ஒட்டுத்தாள். நல்ல தரமானது. விசா உரசுப்படாமல், தண்ணீர் பட்டாலும் மை பரவாமல் இருக்கட்டும் என்று தானே ஒட்டியதாகச் சொன்னார். ஓரங்களைச் சதுரமாக வெட்டி, ஒரு காற்றுக்குமிழிகூட இல்லாமல் ஒட்டியிருந்தார். இயந்திரத்துக்குள் புத்தகம் நுழையாது என்பதால் தப்பியது, இல்லாவிட்டால் அதையும் விட்டிருப்பார்.

"மிக அழகாகச் செய்திருக்கிறீர்கள்" என்றாள் அந்தப் பெண். உண்மையில் அவளுக்குக் கவலை. யாருக்கோ தொலைபேசி எடுத்தாள், பிறகு இன்னொருவருக்கு. விசாவின் மேல் எதையாவது ஒட்டினால், அதில் கைவைத்ததாகத்தான் எடுப்பார்களாம். இப்படியே ஏற்றிவிட்டால் லண்டனில் இருந்து திருப்பி அனுப்பிவிடுவார்கள். புது விசாதான் எடுக்க வேண்டும். கலியாணமோ அடுத்த நாள்.

அண்ணை புத்தகத்தை வாங்கிக்கொண்டு ஒரு வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பினார். ஒட்டுத்தாளோடு விசாவின் நிறமும் சேர்ந்து உரிந்து வந்தது. அப்போதுதான் அவர் நிறுத்தினார். நான் வாய்க்கு வந்ததைச் சொல்லத் தயாராக நின்றேன். அவருடைய முகத்தைப் பார்த்ததும், பக்கத்தில் கிடந்த கோப்பை எடுத்து மூடினேன்.

அக்கா அழவும் இல்லை, ஏசவும் இல்லை. ஏசியிருந்தால் நல்லது. முக்காட்டுப் பெட்டியைத் திறந்து, ஊசிகள் இருக்கிறதா என்று பார்த்து, மூடி, அண்ணையின் மடியில் வைத்தார்.

"நீங்கள் போங்கோ."

"நீர் இல்லாமல் நானோ? எனக்கு ஏலாது."

"பிள்ளை வெறுந்தலையோடை நிப்பாள். போய்க் குத்திவிடுங்கோ."

"ஆம்பிளை நான், நெற் குத்துறதோ, பிளோறன்ஸ்?"

"ஒட்டத் தெரியுது, குத்தத் தெரியாதோ? அக்கா கேட்டால் எனக்குக் காய்ச்சல் எண்டு சொல்லாதேங்கோ. உள்ளதைச் சொல்லுங்கோ."

அண்ணை போனார். பாதுகாப்புச் சோதனை வரிசையில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார். காரில் வீடு திரும்பும்போது அக்கா ஒரே ஒருமுறைதான் வாயைத் திறந்தார். "மனிசன் சாப்பிடாமல் போயிட்டுது" என்றார்.

அடுத்த நாள் காலை என் குசினியில் போனைச் சீனிப்போத்தலோடு சாய்த்து வைத்தோம். திரையில் லண்டன் வீட்டு அறை நிறையப் பெண்கள். நடுவில் மெலனி. அண்ணை அதே கோட்டோடு, வாயில் ஊசிகளைக் கவ்விக்கொண்டு நின்றார். பெண்கள் சிரித்தார்கள். அவர் எதையும் கவனிக்கவில்லை. முக்காட்டை விரித்து, நடுவை நெற்றிக்கு நேராகப் பிடித்து, இரண்டு பக்கமும் சமமாக மடித்து, ஒவ்வோர் ஊசியாக எடுத்துக் குத்தினார். இத்தனை வருடமாகப் பொதி கட்டிய கை. சும்மா சொல்லக்கூடாது, அந்த நெற் கலியாண விருந்து முடியும்வரை அசையவே இல்லையாம். குத்தி முடித்ததும் பிள்ளையின் தலையில் கைவைத்து, போனைப் பார்த்து, "இது பிளோறன்ஸின்ரை கை" என்றார். அதற்குப் பிறகு எனக்குத் திரை மங்கிவிட்டது.

பேர்பெச்சுவா அக்கா போனை வாங்கினார். வழக்கமான வசனத்தைச் சொல்லப் போகிறார் என்று பயந்தேன். அவர் சொல்லவில்லை. பிளோறன்ஸ் அக்காதான் முந்தினார்.

"ஞானஸ்நானத்துக்கும் ரெலிபோன், கலியாணத்துக்கும் ரெலிபோன். அடுத்ததுக்கு நான் ரெலிபோனிலை வரமாட்டன், அக்கா."

சொன்னபடி அடுத்த கிழமையே போய் மொழி வகுப்பில் பெயர் கொடுத்தார். அண்ணைக்குப் பிராயச்சித்தம் செய்ய வழி கிடைத்தது. ஜேர்மன் சொற்களைச் சிறு துண்டுகளில் எழுதி, ஓம், லமினேற் செய்து, வீடு முழுக்க ஒட்டினார். குளிர்ப்பெட்டியில் குளிர்ப்பெட்டி என்று, கதவில் கதவு என்று, யேசுவின் திருவிருதயப் படத்துக்குக் கீழே படம் என்று. ஒருநாள் நான் போனபோது அவருடைய சாய்கதிரையின் முதுகில் "கணவன்" என்று ஒரு துண்டு இருந்தது. அது அக்கா ஒட்டியது.

வாய்ப் பரீட்சையில் உங்கள் ஓய்வுநேரத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டார்களாம். அக்கா கணவனின் லமினேற் இயந்திரத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். இருபத்தைந்து வருட ஆத்திரம், நிற்கவில்லை. பரீட்சகர்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போதும் என்றார்களாம். சித்தி எய்திவிட்டார்.

குடியுரிமை அலுவலகத்தில் ஒரு சின்னத் தடங்கல். கலியாணப் பத்திரத்தின் மூலப்பிரதி கேட்டார்கள். லமினேற் செய்ததை ஏற்கமாட்டார்களாம். முத்திரையைத் தொட்டுப் பார்க்க வேண்டுமாம். பதிவு அலுவலகத்தில் புதுப் பிரதி எடுத்த அக்கா, அதை நேரே கொண்டுவந்து என் அலுமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னார். பிறகு வந்த குடியுரிமைப் பத்திரமும் அங்கேதான். ஜேர்மன் கடவுச்சீட்டும் அங்கேதான். அண்ணை சிலவேளை பின்னேரங்களில் வந்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டு, அலுமாரியையே பார்த்தபடி இருப்பார்.

"ஈரம் படாத இடமோ, பிள்ளை?" என்று கேட்பார்.

"ஓம் அண்ணை. தேத்தண்ணியைக் குடியுங்கோ" என்பேன்.

மெலனிக்குப் பெண்குழந்தை பிறந்தது. ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தார்கள். இந்த முறை விசா இல்லை. ஆனால் பிரித்தானியா இப்போது ஐரோப்பியரிடமும் முன்கூட்டியே இணையத்தில் பயண அனுமதி கேட்கிறது. நான் போனில் படம் எடுத்து, கேள்விகளுக்குப் பதில் கொடுத்து, என்னையும் சேர்த்து மூன்று பேருக்கும் எடுத்தேன். இவர்களைத் தனியே விட எனக்கு என்ன பைத்தியமா. அனுமதி கடவுச்சீட்டு இலக்கத்தோடு கணினியிலேயே இருக்கிறது, கடதாசி ஒன்றும் வேண்டாம் என்று அண்ணைக்கு எத்தனையோ தடவை விளக்கினேன். தலையாட்டினார். போகிற அன்று பார்த்தால், வந்த மின்னஞ்சலை அச்செடுத்து, மூன்றையும் லமினேற் செய்து கோப்பில் வைத்திருந்தார். அதில் யாருக்கும் நட்டமில்லை என்று விட்டுவிட்டேன்.

லண்டனில் இறங்கி நடந்தால், ஜேர்மன் கடவுச்சீட்டுக்காரர் அதிகாரியிடமே போகத் தேவையில்லை. தானியங்கிக் கதவுகள் வரிசையாக நிற்கின்றன. அக்கா முன்னுக்குப் போனார். புத்தகத்தைக் கண்ணாடியில் வைத்தார். கமராவைப் பார்த்தார். கதவு திறந்தது. அந்தப் பக்கம் போய் நின்று, திரும்பி என்னைப் பார்த்தார்.

"இவ்வளவுதானோ, கொறற்றி?" என்றார். "இவ்வளவுக்குத்தானோ?"

சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. அவருக்கும் விளங்கியிருக்காது.

நானும் தாண்டினேன். அண்ணையின் கதவு திறக்கவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி வைத்தார், மறுபடி சிவப்பு. உடனே நிமிர்ந்து நின்று, கறுப்புக் கோப்பின் இழுவைப்பூட்டைத் திறக்கத் தொடங்கினார். பின்னால் வரிசை நீண்டது. சுவாமியாரின் கடிதத்துக்குக் கடைசியில் காலம் வந்துவிட்டது என்று நினைத்தாராக்கும்.

அந்தப் பக்கத்தில் இருந்து அக்கா கூப்பிட்டார். "என்னப்பா, உறையைக் கழட்டுங்கோ."

கடவுச்சீட்டுக்கு அண்ணை தடித்த பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார். இயந்திரத்தால் வாசிக்க முடியவில்லை. அவர் உறையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். மெதுவாகக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். வெறும் புத்தகத்தைக் கண்ணாடியில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தார். கதவு திறந்தது.

பேர்பெச்சுவா அக்காவின் வீடு சின்ன வீடுதான். வாசலில் ஒரு சீமெந்துப் படி. கதவைத் திறந்த பேர்பெச்சுவா அக்கா இரண்டு கையையும் நீட்டி, "உள்ளுக்கு வா, குளிருது" என்றார். பிளோறன்ஸ் அக்கா உள்ளே போகவில்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு, படியில் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, ஊன்றி நின்றார்.

"வடிவாப் பார் அக்கா" என்றார். "மிதிச்சிட்டன்."

பேர்பெச்சுவா அக்கா குனிந்து அந்தக் கால்களைப் பார்த்தார். பிறகு அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழத் தொடங்கினார். பின்னால் நின்ற அண்ணை போனை எடுத்து ஒரு படம் பிடித்தார். முகம் ஒன்றும் இல்லை. ஒரு சீமெந்துப் படி, அதில் காலுறை போட்ட இரண்டு கால்கள்.

அந்தப் படம் இப்போது அவர்கள் வீட்டில், திருவிருதயப் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. லமினேற் செய்துதான். அதற்கு மட்டும் நானும் அக்காவும் ஒன்றும் சொல்லவில்லை.